மண் தின்னாத கம்பி எது?

வீட்டில் மின்சாரம் சம்பந்தப்பட்ட எது கெட்டுப்போனாலும் நமக்குத் தெரிந்துவிடும். விளக்கு எரியாது, விசிறி சுற்றாது, குளிர்பெட்டியில் பால் திரிந்துபோகும். ஒன்றே ஒன்று மட்டும் கெட்டுப்போனால் சத்தமே வராது. சுவரோரம் மண்ணில் அடித்து இறக்கப்பட்டிருக்கும் 8 அடி நீள உலோகத் தண்டு அது. அது துருவேறி இற்றுப்போய்ப் பத்து வருடம் ஆகியிருந்தாலும் வீட்டில் எல்லாம் ஒழுங்காகவே ஓடிக்கொண்டிருக்கும். இடி விழும் நாளிலோ, கம்பம் சாய்ந்து உயரழுத்தக் கம்பி வீட்டு இணைப்பின்மேல் விழும் நாளிலோதான் அது இல்லை என்பது தெரியவரும். அன்றைக்குத் தெரிந்து பயனில்லை.

அதனால்தான் இந்தத் தண்டை எந்த உலோகத்தில் போடுவது என்பது சின்ன விஷயமாகத் தோன்றினாலும் யோசித்துச் செய்யவேண்டிய ஒன்று. நான் மின்பொறியியல் துறையில் வேலை பார்ப்பவன் என்பதால், அமெரிக்காவில் வீடு வாங்கும் நண்பர்களும், ஊரில் பெற்றோருக்கு வீடு கட்டும் நண்பர்களும் என்னிடம் கேட்பதுண்டு: "செம்பு போடுவதா, ஜி.ஐ. போடுவதா, எவர்சில்வரா? எது ரொம்ப நாள் வரும்?" ஒரு சொல்லில் பதில் சொல்ல முடிந்தால் நன்றாக இருக்கும். முடியாது. ஏன் முடியாது என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் பெயர். தமிழ்நாட்டில் எல்லோருக்கும் அது 'எர்த்'. குழி 'எர்த் குழி', தண்டு 'எர்த் ராடு' அல்லது 'எர்த் பைப்'. அமெரிக்காவில் 'கிரவுண்ட் ராடு'. இலங்கைப் பாடநூல்கள் மூன்று கம்பிகளையும் உயிர்க்கம்பி, நொதுமற்கம்பி, புவிக்கம்பி என்று அழகாகப் பிரித்துச் சொல்கின்றன. எர்த் செய்வது 'புவித்தொடுப்பு'. மின்சாரத்தைப் பூமியோடு தொடுத்துவைப்பது என்ற பொருளை அப்படியே சொல்லிவிடும் சொல். இருந்தாலும் கடையில் கேட்டு வாங்கவேண்டிய பொருள் என்பதால் இங்கே 'எர்த் ராடு' என்றே எழுதுகிறேன்.

அந்தத் தண்டுக்கு என்ன வேலை?

அமெரிக்க வீடுகளில் இதைப்பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. துணி துவைக்கும் இயந்திரத்தின் உடலில் மின்சாரம் கசிந்தால் எர்த் ராடு வழியாக அது பூமிக்குப் போய், பிரேக்கர் விழுந்துவிடும் என்று நினைக்கிறார்கள். கணக்குப் போட்டுப் பாருங்கள். அமெரிக்க மின்விதித் தொகுப்பான என்.இ.சி., ஒற்றைத் தண்டின் தடை 25 ஓம் அல்லது அதற்குள் இருந்தால் போதும், இல்லையென்றால் இரண்டாவது மின்முனை ஒன்றும் வேண்டும் என்கிறது. 120 வோல்ட்டை 25 ஓமால் வகுத்தால் 4.8 ஆம்பியர். 15 ஆம்பியர் பிரேக்கர் இதைக் கண்டுகொள்ளவே கண்டுகொள்ளாது. பிரேக்கரை விழவைப்பது, மின்பெட்டிக்குத் திரும்பி நியூட்ரலோடு சேர்ந்திருக்கும் பச்சைக் கம்பி. எர்த் ராடின் வேலை வேறு: மின்னல் தரும் வீச்சையும், உயரழுத்தக் கம்பி தாழழுத்தக் கம்பியில் படும்போது வரும் வீச்சையும் மண்ணுக்குள் இறக்குவது, வீட்டின் மின் அமைப்பு முழுவதையும் பூமியின் மட்டத்தில் பிடித்துவைப்பது.

பிரான்சிலும் இலங்கையிலும் நிலைமை மாறுபடுகிறது. அங்கே வீட்டின் எர்த் தனி, மின்வாரியத்தின் எர்த் தனி. கசியும் மின்சாரம் மண் வழியாகத்தான் திரும்பவேண்டும். அதைக் கண்டு இணைப்பைத் துண்டிப்பது 'டிரிப் ஸ்விட்ச்'. அங்கே எர்த் ராடு இற்றுப்போனால், பழுதான இயந்திரத்தின் உடலில் மின்சாரம் சும்மா காத்திருக்கும். யாராவது தொட்டால்தான் டிரிப் ஸ்விட்ச் விழும். அதாவது தண்டு செய்யவேண்டிய வேலையை மனித உடல் செய்கிறது. தமிழ்நாட்டிலும் தனி வீடுகள் பெரும்பாலும் சொந்த எர்த் குழியை நம்பித்தான் இருக்கின்றன.

செம்பு நன்றாகக் கடத்துமே?

"செம்பு மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், ஆகவே செம்புதான் நல்லது" என்பது அடுத்த வாதம். முதல் பாதி உண்மை. இரண்டாவது பாதி அதிலிருந்து வரவில்லை.

ஓரளவு நல்ல மண்ணில், 2.44 மீட்டர் (8 அடி) நீளமும் 16 மி.மீ. விட்டமும் உள்ள தண்டை இறக்கினால் அதன் நிலத்தடை சுமார் 40 ஓம் வரும். மண்ணின் தடை எண் 100 ஓம்-மீட்டர் என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு இது. இந்த 40 ஓமில் உலோகத்தின் பங்கு எவ்வளவு? தண்டு முழுச் செம்பு என்றால் ஓர் ஓமில் ஐயாயிரத்தில் ஒரு பங்கு. எஃகு என்றால் ஆயிரத்தில் இரண்டு பங்கு. எவர்சில்வர் என்றாலும் நூறில் ஒரு பங்குக்குள்தான். மீதி முழுவதும் மண்ணின் தடை. ஆகவே கடத்துதிறனை வைத்து உலோகத்தைத் தேர்ந்தெடுப்பதில் பொருளே இல்லை.

தடையைக் குறைக்கவேண்டுமென்றால் நீளத்தைக் கூட்டவேண்டும். அதே மண்ணில் தண்டின் விட்டத்தை இரட்டித்தால் 40 ஓம் 35 ஆகும், அவ்வளவுதான். நீளத்தை இரட்டித்தால் 22 ஆகிவிடும்.

உலோகத்தைத் தேர்ந்தெடுப்பதில் மிஞ்சும் கேள்விகள் இரண்டுதான். அடிக்கும்போது வளையாமல் இறங்குமா? இறங்கிய பிறகு எத்தனை காலம் இருக்கும்? முதல் கேள்வியில் முழுச் செம்பு தோற்றுவிடுகிறது. மென்மையான உலோகம், கெட்டி மண்ணில் வளைந்துவிடும். விலையும் அதிகம், திருடரின் கண்ணும் படும். அதனால்தான் கடைகளில் கிடைக்கும் 'செம்புத் தண்டு' உண்மையில் செம்பு போர்த்திய எஃகு. அலுமினியத்தை மண்ணில் புதைக்கவே கூடாது என்று என்.இ.சி. தடுக்கிறது. எனவே களத்தில் இருப்பவை மூன்று: செம்பு போர்த்திய எஃகு, துத்தநாகம் பூசிய எஃகு (நம் ஜி.ஐ.), துருப்பிடிக்காத எஃகு.

ஒரே தூண், இரண்டு விதி

இரண்டாவது கேள்விக்கு வருவோம். டெல்லி மெஹ்ரௌலியில் குதுப் மினார் அருகே நிற்கும் இரும்புத் தூணைப் பலர் பார்த்திருப்பீர்கள். 7 மீட்டருக்கு மேல் உயரம், சுமார் 6 டன் எடை, 1600 ஆண்டுப் பழமை. கான்பூர் ஐ.ஐ.டி. பேராசிரியராக இருந்த ஆர். பாலசுப்பிரமணியம் அதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். இரும்பில் கூடுதலாக இருக்கும் பாஸ்பரஸ், நனைந்து காய்ந்து நனையும் டெல்லிக் காற்றோடு சேர்ந்து மேற்பரப்பில் ஒரு காப்புப் படலத்தை உண்டாக்கியிருக்கிறது என்பது அவர் தந்த விளக்கம். பெருமைப்படவேண்டிய விஷயம்தான்.

ஆனால் அதே தூணின் அடிப்பகுதியை 1961இல் தோண்டிப் பார்த்தபோது, மண்ணுக்குள் இருந்த இரும்பு துருவேறிக் குழிவிழுந்திருந்தது. தொல்லியல் துறையினர் அதைச் சுத்தம் செய்து ஈயத்தகடு சுற்றிப் பாதுகாத்தார்கள். ஒரே தூண், ஒரே இரும்பு, ஒரே கொல்லர்கள். மேலே நிலைத்தது, கீழே அரித்தது. நிலைத்திருப்பது என்பது உலோகத்தின் குணம் மட்டும் அன்று. அது நிற்கும் இடத்தையும் சேர்த்துத்தான் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியாது.

இதை அறிவியல் முறையில் அளந்து பார்த்தவர்கள் அமெரிக்காவின் நேஷனல் பியூரோ ஆஃப் ஸ்டாண்டர்ட்ஸ் நிறுவனத்தார். நகரங்களில் டிராம் வண்டிகள் ஓடிய காலத்தில், தண்டவாளத்திலிருந்து கசிந்த மின்சாரம் குடிநீர்க் குழாய்களை அரிக்கிறது என்று பெரிய சச்சரவு. 1910இல் அரசு இந்த நிறுவனத்தை ஆராயச் சொன்னது. ஆராயப் போனவர்கள், கசிவு மின்சாரமே இல்லாத இடங்களிலும் குழாய்கள் அரிக்கப்படுவதைக் கண்டார்கள். 1922இலிருந்து நாடெங்கும் விதவிதமான மண்ணில் உலோகத் துண்டுகளைப் புதைத்துவைத்து, ஆண்டுகள் கழித்துத் தோண்டி எடுத்து எடைபோட்டார்கள். 128 இடங்கள், 333 வகைப் பொருட்கள், 36,500 துண்டுகள். மெல்வின் ரொமனாஃப் இந்த முடிவுகளைத் தொகுத்து 1957இல் வெளியிட்ட அறிக்கையைத்தான் மண்ணரிப்புப் பற்றிப் பேசுபவர்கள் இன்றும் எடுத்துப் பார்க்கிறார்கள்.

அதில் தெரியவரும் பெரிய உண்மை: எல்லா மண்ணிலும் வெல்லும் உலோகம் என்று ஒன்று இல்லை. காற்றோட்டமும் வடிகாலும் உள்ள மணற்பாங்கான நிலத்தில் சாதாரண இரும்புகூட நெடுநாள் இருக்கிறது. நீர் தேங்கும் களிமண்ணிலும் உப்பு நிலத்திலும் சீக்கிரம் போகிறது. நிலக்கரிச் சாம்பல் கொட்டி மேடாக்கிய நிலமோ ஏறக்குறைய எல்லா உலோகத்துக்கும் எமன்.

கவசமும் பலியும்

மூன்று தண்டுகளும் தங்களைக் காத்துக்கொள்ளும் விதம் வேறுவேறு.

செம்பு ஒரு கவசம். மண்ணில் செம்பு பொதுவாக மிக மெதுவாகத்தான் அரிக்கும். யு.எல். 467 என்ற அமெரிக்கத் தரம் கேட்கும் செம்பின் கனம் 0.25 மி.மீ., அதாவது சுமார் 250 மைக்ரான். கவசம் முழுதாக இருக்கும்வரை உள்ளே எஃகு பத்திரம். கல்லில் உரசிக் கவசம் ஓரிடத்தில் கிழிந்தால் கதை மாறும். செம்பும் எஃகும் ஈரமண்ணும் சேர்ந்தால் அது ஒரு பேட்டரி. அந்தப் பேட்டரியில் கரைவது எஃகு. சுற்றிலும் பெரிய செம்புப் பரப்பு, நடுவே சின்னக் கீறலில் எஃகு என்றால் அரிப்பு முழுவதும் அந்தக் கீறலில் குவியும். முலாம் பூசியதுபோல் மெல்லிய செம்பு பூசி விற்கும் தண்டுகளின் ஆபத்து இதுதான். பார்வைக்குப் பளபளவென்று செம்பாகவே இருக்கும். அடித்து இறக்கும்போதே தோல் உரிந்துவிடும்.

துத்தநாகம் ஒரு பலி. அது தான் கரைந்து எஃகைக் காக்கிறது. கீறல் விழுந்தாலும் கவலையில்லை. பக்கத்திலிருக்கும் துத்தநாகம் கரைந்து கீறலையும் காக்கும். ஆனால் கரைந்துகொண்டே இருப்பதால் ஒரு நாள் தீர்ந்துவிடும். அமிலத்தன்மை மிகுந்த மண்ணிலும் காரம் மிகமிக அதிகமான மண்ணிலும் வேகமாகத் தீரும். தீர்ந்த பிறகு மிஞ்சுவது வெறும் எஃகு.

துருப்பிடிக்காத எஃகு தன்மேல் ஒரு மெல்லிய ஆக்சைடு படலத்தை உண்டாக்கிக்கொள்கிறது. படலம் உடைந்தால் ஆக்சிஜன் கிடைக்கும்வரை தானே மீண்டும் மூடிக்கொள்ளும். கடலோர உப்பில் இருக்கும் குளோரைடு அதன் பகைவன். காற்று எட்டாத ஈரமண்ணில் குளோரைடும் சேர்ந்தால் ஊசித்துளைபோலக் குழிகள் விழும். சமையலறை எவர்சில்வரையே மண்ணில் புதைப்பது சரிவராது. ஜெர்மனியில் இதற்கென மாலிப்டினம் கலந்த 316 வகை எஃகைப் போடுகிறார்கள்.

விற்பவர்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு, ஜி.ஐ. 10 முதல் 15 ஆண்டு, செம்பு போர்த்தியது 30 முதல் 40 ஆண்டு என்பது. சராசரி என்ற அளவில் இதில் தவறில்லை. ஆனால் உங்கள் வீட்டுத் தண்டு சராசரி மண்ணில் இல்லை, உங்கள் வீட்டு மண்ணில் இருக்கிறது. தனியாகவும் இல்லை. நான் முக்கியமாகச் சொல்ல நினைப்பது இந்தத் 'தனியாக இல்லை' என்பதைத்தான்.

பக்கத்து வீட்டுச் செம்பு

மண்ணில் இருக்கும் இரண்டு வேறு உலோகங்களை ஒரு கம்பியால் இணைத்தால் பேட்டரி ஆகிவிடும் என்றேன். எர்த் என்றாலே இணைப்பதுதானே? அமெரிக்காவில் எர்த் ராடு, செம்புக் குடிநீர்க் குழாய், அஸ்திவாரக் கம்பி எல்லாவற்றையும் ஒன்றாக இணைக்கவேண்டும் என்பது விதி. பாதுகாப்புக்கு அது மிக அவசியம். இணைக்காமல் விட்டால் மின்னல் விழும்போது ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் இடையே பொறி பறக்கும். போதாததற்கு மின்நிறுவனத்தின் நியூட்ரல் வழியாக உங்கள் தண்டு தெருவிலுள்ள எல்லா வீட்டுத் தண்டுகளோடும் இணைந்திருக்கிறது. ஆகவே நீங்கள் ஜி.ஐ. போட்டால், அது உங்கள் வீட்டு எஃகை மட்டும் காக்கவில்லை. தெரு முழுவதும் உள்ள செம்புக்கும் சேர்த்துத் தன்னைக் கரைத்துக்கொண்டிருக்கிறது.

எவ்வளவு கரையும்? பாரடே கண்ட விதிப்படி, ஓர் ஆம்பியர் ஓராண்டு முழுவதும் ஒரே திசையில் உலோகத்திலிருந்து மண்ணுக்குப் பாய்ந்தால் துத்தநாகம் சுமார் 10.7 கிலோ கரையும். இரும்பு என்றால் 9.1 கிலோ. இனி ஒரு ஜி.ஐ. தண்டை எடுத்துக்கொள்வோம். 2.44 மீட்டர் நீளம், 16 மி.மீ. விட்டம், 99 மைக்ரான் பூச்சு. அதிலுள்ள துத்தநாகத்தின் எடை சுமார் 87 கிராம்தான். ஆம்பியரில் ஆயிரத்தில் ஒரு பங்கு மின்னோட்டம் போதும், எட்டே ஆண்டில் அத்தனையும் காலி. இது மண் தானாக அரிப்பதைச் சேர்க்காத கணக்கு.

சரி, செம்பையே போட்டுவிட்டால்? செம்பு நன்றாக இருக்கும். கரைவது பக்கத்தில் இருக்கும் இரும்பாக இருக்கும். நகரத்துக்கு வெளியே வீடு வாங்கியவர்களுக்கு நிலத்தடியில் எஃகு எரிவாயுத் தொட்டி இருக்கலாம், ஆழ்குழாய்க் கிணற்றின் எஃகு உறை இருக்கலாம். அவை செம்புத் தண்டோடு மின்வழியில் இணைந்திருந்தால் பேட்டரியின் கரையும் முனை அவைதான். தொட்டியின் மேற்பூச்சில் எங்காவது சிறு ஓட்டை இருந்தால் அரிப்பு அங்கே குவியும். இதனால்தான் புதைத்த எரிவாயுத் தொட்டிக்கும் வீட்டுக்குப் போகும் குழாய்க்கும் இடையில் மின்சாரம் கடத்தாத இணைப்பு ஒன்றைப் பொருத்தி, தொட்டிக்குப் பலிகொடுக்க மக்னீசியக் கட்டி ஒன்றையும் புதைக்கிறார்கள். துணைமின்நிலையங்களின் எர்த் அமைப்புப் பற்றிய ஐ.இ.இ.இ. 80 என்ற வழிகாட்டியும், செம்பு பக்கத்திலுள்ள எஃகை அரிக்கவைக்கும் என்று எச்சரிக்கிறது. இந்தியத் துணைமின்நிலையங்களில் செம்பை விட்டு எஃகையே, அரிப்புக்கென்று கூடுதல் கனம் கொடுத்துப் புதைப்பது வழக்கம். விலை ஒரு காரணம். இதுவும் ஒரு காரணம்.

ஆக, "எது ரொம்ப நாள் வரும்?" என்ற கேள்வியோடு "அது நீடிக்க எது கரையும்?" என்ற கேள்வியையும் சேர்த்துக் கேட்கவேண்டும். மண்ணுக்குள் யாரும் இலவசமாக வாழ்வதில்லை.

கரியும் உப்பும்

ஊரில் எர்த் குழி போடுவதைப் பார்த்திருப்பீர்கள். ஆழமாகக் குழி வெட்டி, நடுவில் துளையிட்ட ஜி.ஐ. குழாயை நிறுத்தி, சுற்றிலும் ஓர் அடுக்குக் கரி, ஓர் அடுக்கு உப்பு என்று மாற்றி மாற்றிப் போடுவார்கள். மேலே புனல் வைத்து வெயில் காலத்தில் தண்ணீர் ஊற்றச் சொல்வார்கள். உப்பைத் தின்றவன் தண்ணீர் குடித்துத்தானே ஆகவேண்டும்! உப்பும் ஈரமும் மண்ணின் தடையைக் குறைக்கும் என்பது உண்மை. போட்ட அன்று அளந்தால் நல்ல அளவு காட்டும்.

ஆனால் அந்தக் குழியை ஒரு டார்ச் லைட் பேட்டரியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். சாதாரணப் பேட்டரியில் வெளியே துத்தநாகக் குவளை, நடுவே கரித்தண்டு, இடையில் குளோரைடு உப்புக் குழம்பு. நம் எர்த் குழியிலும் துத்தநாகம், கரி, குளோரைடு உப்பு மூன்றும் இருக்கின்றன, இடம்தான் மாறியிருக்கிறது. கரி நன்றாகச் சுட்டதாக இருந்து மின்சாரத்தைக் கடத்தினால், துத்தநாகத்துக்கு அது செம்பைவிட நல்ல துணையில்லை. பேட்டரி தீரும்போது அதன் குவளை பொத்துக் கசிவதுபோல், குழாயும் பொத்துப்போகும். உப்போ ஒவ்வொரு மழையிலும் கரைந்து இறங்கிவிடும். சில ஆண்டுகளில் உப்பும் இருக்காது, துத்தநாகமும் இருக்காது. இப்போது கடைகளில் கிடைக்கும் பென்டோனைட் களிமண் ஈரத்தைப் பிடித்துவைக்கும். உப்பைப்போல் உலோகத்தைத் தின்னாது. ஊரில் வீடு கட்டுபவர்கள் எலக்ட்ரீஷியனிடம் இதைக் கேட்டுப் போடச் சொல்லலாம்.

அஸ்திவாரத்திலேயே ஒரு விடை

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில், அமெரிக்க இராணுவத்தின் வெடிமருந்துக் கிடங்குகளுக்கு எர்த் போடும் பொறுப்பு ஹெர்பர்ட் யூஃபர் என்பவரிடம் வந்தது. இடம் அரிசோனா. மழையில்லாத வறண்ட மண். தண்டு அடித்துப் பயனில்லை. அவர் கிடங்குகளின் கான்கிரீட் அஸ்திவாரத்துக்குள் இருக்கும் எஃகுக் கம்பிகளையே எர்த்தாகப் பயன்படுத்தினார். ஏறக்குறைய இருபது ஆண்டுகள் கழித்து அளந்தபோதும் 2 முதல் 5 ஓம்தான். 1960களின் தொடக்கத்தில் இதைக் கட்டுரையாக்கி மின்பொறியாளர் சங்கத்தின் முன் வைத்தார். இன்றைக்கும் இந்த முறைக்கு அவர் பெயர்தான்: 'யூஃபர் கிரவுண்ட்'.

காரணம் எளிது. கான்கிரீட் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்கிறது. மண்ணைத் தொடும் பரப்பும் பெரிது. அதோடு கான்கிரீட்டின் காரத்தன்மை எஃகின்மேல் ஒரு காப்புப் படலத்தை உண்டாக்கிவிடுகிறது. மண்ணில் சில ஆண்டுகளில் போய்விடும் அதே எஃகு, 50 மி.மீ. கான்கிரீட்டுக்குள் கட்டடம் நிற்கும்வரை இருக்கும். என்.இ.சி.யின் 2005ஆம் ஆண்டுப் பதிப்பிலிருந்து, புது வீட்டு அஸ்திவாரத்தில் இத்தகைய கம்பி இருந்தால் அதை எர்த்தில் சேர்த்தே ஆகவேண்டும்.

இங்கும் ஒரு சூட்சுமம் உண்டு. கான்கிரீட்டுக்குள் காப்புப் படலம் பெற்ற எஃகு, மின்வேதியியல் கணக்கில் ஏறக்குறையச் செம்பைப்போல் நடந்துகொள்ளும். அதோடு வெளியே மண்ணில் ஒரு ஜி.ஐ. தண்டை இணைத்தால் அந்தத் தண்டு கரையும். அதனால்தான், அஸ்திவாரக் கம்பியோடு இணையும் தண்டு செம்பாகவோ துருப்பிடிக்காத எஃகாகவோ இருப்பது நல்லது என்று மின்னல் காப்புக்கான சர்வதேசத் தரமான ஐ.இ.சி. 62305 சொல்கிறது.

தேர்ந்தெடுக்கும்போது

இத்தனையும் படித்தவர்களுக்கு, நான் நண்பர்களிடம் சொல்வதைச் சுருக்கித் தருகிறேன்.

1. புது வீடு என்றால் கான்கிரீட் ஊற்றுவதற்கு முன்பே அஸ்திவார எர்த்தைப் பற்றிப் பேசுங்கள். ஊற்றிய பிறகு அந்த வாய்ப்புத் திரும்பி வராது.

2. ஏற்கெனவே மண்ணில் எது இருக்கிறது என்று பாருங்கள். செம்புக் குழாயோ அஸ்திவாரக் கம்பியோ இணைந்திருந்தால் செம்பு போர்த்திய தண்டு. பக்கத்தில் எஃகுத் தொட்டியோ கிணற்று உறையோ இருந்தால், தண்டை வாங்குவதற்கு முன் அரிப்புத் தடுப்புத் தெரிந்த ஒருவரைக் கேளுங்கள்.

3. ஒரே வீட்டில் ஒரு செம்புத் தண்டும் ஒரு ஜி.ஐ. தண்டும் கலந்து போடாதீர்கள். ஒன்று மற்றொன்றைத் தின்றுவிடும்.

4. மண்ணைப் பாருங்கள். சதுப்பு நிலத்து அழுகல் வாடை சல்பைடின் அடையாளம். அங்கே செம்பும் தாங்காது. அம்மோனியா உரம் அதிகம் போடும் வயலோரமும் அப்படியே. அங்கெல்லாம் 316 வகை எஃகு செலவுக்குத் தகுந்தது. கடலோர உப்பு மண்ணில் ஜி.ஐ.யை நம்பவேண்டாம்.

5. செம்பு என்றால் கனத்தைக் கேளுங்கள். 250 மைக்ரானுக்குக் குறைந்தால் வேண்டாம். தர முத்திரை தண்டின் மேல்முனைப் பக்கம் பொறித்திருக்கும்.

6. பாறை தட்டுகிறது என்று தண்டை அறுத்துவிட்டு மேலே மட்டும் காட்டும் வேலையை அனுமதிக்காதீர்கள். சாய்த்து அடிக்கலாம்; அதுவும் முடியாவிட்டால் 30 அங்குல ஆழத்தில் பள்ளம் வெட்டிப் படுக்கவைத்துப் புதைக்கலாம். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் நிலத்தில் வீடு கட்டுபவர்களுக்கு இந்த வழி உதவும்.

7. இணைப்பைக் கவனியுங்கள். பல இடங்களில் தண்டு நன்றாக இருக்க, கிளாம்ப் முதலில் போய்விடுகிறது. மண்ணில் புதைக்கத் தகுந்தது என்று சான்று பெற்ற கிளாம்ப் வேண்டும். முடிந்தால் செம்பு ஆக்சைடையும் அலுமினியத்தூளையும் எரித்து உருக்கி ஒட்டும் முறையில் இணைக்கலாம். அங்கே தளரவோ துருவேறவோ இடமில்லை.

8. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அளந்து பாருங்கள். சாதாரண மல்டிமீட்டரால் மேலே தெரியும் கம்பியைத்தான் சோதிக்கலாம்; தண்டு மண்ணுக்குள் இருக்கிறதா என்று அது சொல்லாது. அதற்கென்று நிலத்தடை அளக்கும் கருவி உண்டு. எலக்ட்ரீஷியனை வைத்துச் செய்யுங்கள். மின்சாரம் ஓடும்போது நீங்களாக எர்த் கம்பியைக் கழற்றவேண்டாம்.

இந்தச் செலவெல்லாம் வீட்டு விலையோடு பார்த்தால் ஒன்றுமே இல்லை. வெளிச்சுவருக்கு வண்ணம் அடிக்க ஆள் வரும்போது, மீட்டருக்குக் கீழே மண்ணில் இறங்கும் அந்தக் கம்பியை ஒருமுறை குனிந்து பாருங்கள். கிளாம்ப் பச்சை பூத்திருக்கிறதா, அசைத்தால் ஆடுகிறதா, தண்டின் கழுத்து மெலிந்திருக்கிறதா என்பது வெறுங்கண்ணுக்கே தெரியும். காற்றும் மண்ணும் சந்திக்கும் அந்தக் கழுத்தில்தான் அரிப்பு பெரும்பாலும் தொடங்கும்.